எட்டாவது தடை



இந்த நினைவுச் சொற்பொழிவுக்கு என்னை அழைத்தபோது தலைப்பு என்னவென்று கேட்டார்கள். "வீட்டுச் சாமான்கள்" என்றேன். தொலைபேசியின் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு தயங்கித் தயங்கி, "தோழர், வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பஞ்சமி நிலம், இப்படி ஏதாவது பேசலாமே" என்றார்கள். சட்டமும் வரும், கவலைப்படாதீர்கள் என்று சொல்லி வைத்தேன். வந்ததா இல்லையா என்பதைக் கடைசியில் நீங்கள் சொல்லுங்கள்.

இந்தத் தலைப்பு என்னுடையதும் அல்ல. அண்ணனுடையது. அவரிடம் படித்தவர்கள் இந்த அரங்கில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். அவர் நடத்திய இரவுப் பள்ளிக்கு நான் போகத் தொடங்கியபோது எனக்கு எட்டு வயது. காலனிச் சாவடியில் நடுவே ஓர் அரிக்கேன் விளக்கு, அதைச் சுற்றி நாங்கள். முதல் நாள் அவர் அ, ஆ சொல்லிக் கொடுக்கவில்லை. "நாளைக்கு ஆளுக்கு ஒரு சாமான் வீட்டுலேருந்து எடுத்துக்கிட்டு வாங்க. எதுவா இருந்தாலும் சரி" என்றார். மறுநாள் சுளகு வந்தது, அகப்பை வந்தது, பல் உடைந்த சீப்பு வந்தது, கதிர் அரிவாள் வந்தது. ஒரு பையன் வேறெதுவும் கிடைக்காமல் வீட்டுக் கதவின் கொண்டியைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டான். அவன் அம்மா பின்னாலேயே துரத்திக்கொண்டு வந்தது இன்னும் கண்ணில் இருக்கிறது.

ஒவ்வொரு சாமானுக்கும் அண்ணன் மூன்று கேள்வி கேட்பார். இதை யார் செய்தது? இது எப்படி வேலை செய்யுது? இதை யார் தொடலாம், யார் தொடக் கூடாது?

அன்று அவர் எடுத்துக்கொண்ட சாமான் அந்த விளக்குதான். "எண்ணெய் கீழே இருக்கு, தீ மேலே எரியுது. எண்ணெயை யாரு மேலே தள்ளுறது?" என்றார். யாருக்கும் தெரியவில்லை. தன் துண்டின் நுனியை ஒரு சொம்புத் தண்ணீரில் தொட்டுப் பிடித்தார். ஈரம் துணியில் மெல்ல மெல்ல மேலே ஏறியது. "நூலுக்கு நூல் இடையில இருக்கிற சந்துல தண்ணி தானா ஏறும். எண்ணெயும் அப்படித்தான்" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றிக் காட்டினார். தீ அலைபாய்ந்து கரியைக் கக்கியது. மறுபடி கவிழ்த்தார். தீ நிமிர்ந்து நின்றது. சூடான காற்று கண்ணாடி வழியாக மேலே போகும்போது கீழேயிருந்து புதுக் காற்றை இழுத்துக்கொள்கிறது, அதனால் காற்றாடுகிற இரவிலும் அணையாமல் நிற்கிறது என்று சொன்னார். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. தினமும் பார்க்கிற விளக்குக்குள் இவ்வளவு நடக்கிறது, யாரும் என்னிடம் சொல்லவில்லையே என்று இருந்தது.

தோழர்களே, எளிய பொருள்களில் வியப்பைக் காண்பது பற்றி நிறையப் பேர் எழுதுகிறார்கள். ஒரு காப்பிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அதன் வளைவையும் சூட்டையும் ரசியுங்கள் என்கிறார்கள். நல்ல விஷயம்தான், ரசிக்கட்டும். எனக்கு அண்ணனின் மூன்றாவது கேள்விதான் குறுக்கே வந்து நிற்கும். "சாதாரணப் பொருள்" என்கிறோமே, யாருக்குச் சாதாரணம்?

சமூகவியல் முதுகலை படிக்கும்போது, அர்ஜுன் அப்பாதுரை 1986இல் தொகுத்த ஒரு நூலை வாசிக்கச் சொன்னார்கள். பொருள்களுக்கும் ஒரு சமூக வாழ்க்கை உண்டு, கை மாற மாற அவற்றின் பொருளும் மதிப்பும் மாறும் என்பது அதன் சாரம். படித்தபோது, இதை நம் சாவடியில் அரிக்கேன் வெளிச்சத்தில் கேட்டிருக்கிறேனே என்று தோன்றியது. கை மாறாமல் பார்த்துக்கொள்வதற்காகவே ஒரு சமூகம் முழுவதும் சட்டம் போட்டு வைத்திருந்ததே, அதை எந்த அத்தியாயத்தில் தேடுவது என்றும் தோன்றியது.

அது வேறொரு புத்தகத்தில் கிடைத்தது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்தவர் ஜே.எச். ஹட்டன். இந்தியச் சாதி பற்றி அவர் எழுதிய நூல் 1946இல் வந்தது. அதில் 1930 டிசம்பரில் இராமநாதபுரம் பகுதியில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்கள் மீது விதித்த எட்டுத் தடைகளைப் பட்டியல் போட்டிருக்கிறார். நூலகத்தில் நின்றபடி படித்தேன், பிறகு உட்கார்ந்துவிட்டேன். அது என் ஊர்ப் பக்கம்.

பட்டியலை என் சொற்களில் சொல்கிறேன். தங்கம், வெள்ளி நகை போடக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயோ இடுப்புக்கு மேலேயோ துணி உடுத்தக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. தலைமுடியைக் கிராப்பு வெட்டிக்கொள்ளக் கூடாது. வீட்டில் மண் பாத்திரம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது. பெண்கள் ரவிக்கை, தாவணி என்று எதனாலும் மேலுடம்பை மூடக் கூடாது. பூ வைக்கக் கூடாது, மஞ்சள் பூசக் கூடாது. எட்டாவது: ஆண்கள் வெயிலுக்கோ மழைக்கோ குடை பிடிக்கக் கூடாது, செருப்பு அணியக் கூடாது.

மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன, தானியக் குதிர்கள் அழிந்தன, ஆடுமாடுகள் கொள்ளை போயின. 1931 ஜூனில் இன்னும் பதினோரு தடைகள் வந்தன. அவற்றில் ஒன்று நம் பிள்ளைகள் படிக்கக் கூடாது என்பது. இன்னொன்று, பெண்கள் செம்பு, பித்தளைக் குடத்தில் தண்ணீர் எடுக்கக் கூடாது, குடத்துக்குச் சும்மாடாக வைக்கோலைத்தான் வைக்க வேண்டும், துணி வைக்கக் கூடாது என்பது.

சும்மாடு, தோழர்களே! ஒரு முழக் கந்தைத் துணியைச் சுருட்டித் தலையில் வைப்பதற்குத் தடை. அது என்ன செய்கிறது? குடத்தின் அடிப்பாகம் உருண்டை, நம் தலையும் உருண்டை. இரண்டு உருண்டைக்கும் நடுவில் ஒரு வளையத்தை வைத்தால் பாரம் ஒரு புள்ளியில் அழுத்தாமல் வட்டமாகப் பரவுகிறது. கழுத்து தப்பிக்கிறது. இரண்டு கையையும் வீசிக்கொண்டு நடக்க முடிகிறது. எந்தப் பள்ளிக்கூடமும் போகாத ஒரு பெண் கண்டுபிடித்த பொறி அது. அந்த வளையம் துணியாக இருந்தால் உச்சந்தலையில் குத்தாது என்பது தடை போட்டவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

இந்தப் பட்டியலை எத்தனையோ தடவை படித்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் எனக்கு ஒன்றுதான் தோன்றுகிறது. இந்தப் பொருள்களின் அருமை அவர்களுக்குத் தெரிந்திருந்தது. சட்டை ஒரு மனிதனின் முதுகை எப்படி நிமிர்த்தும், பூ ஒரு பெண்ணின் நடையை என்ன செய்யும் என்று நன்றாகத் தெரிந்துதான் எழுதியிருக்கிறார்கள். சாதாரணப் பொருளின் அற்புதம் பற்றித் தமிழ்நாட்டில் எழுதப்பட்ட மிகக் கவனமான பட்டியல் அதுதான் என்று சொன்னால் நீங்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

இனி அண்ணனின் முறைப்படி ஒவ்வொரு சாமானாக எடுக்கிறேன்.

முதலில் மண்பானை. யார் செய்தது? வேளார் செய்தது. எப்படி வேலை செய்கிறது? சுட்ட மண்ணில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கின்றன. தண்ணீர் அதன் வழியாகக் கசிந்து வெளிப்புறத்தை நனைக்கிறது. அந்த ஈரம் ஆவியாகும்போது பானையிலிருந்தும் உள்ளே இருக்கிற தண்ணீரிலிருந்தும் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. காற்று எவ்வளவு வறண்டு அடிக்கிறதோ அவ்வளவு குளிரும். எங்கள் பக்கத்துச் சித்திரை வெயிலில் பானைத் தண்ணீர் தொண்டையில் இறங்கும்போது கிடைக்கிற நிம்மதிக்கு ஈடே கிடையாது.

இந்த வியப்பு உண்மை. ஆனால் மூன்றாவது கேள்வியைக் கேட்டுவிட்டால் பானையின் இன்னொரு முகம் தெரியும். அதைத் தவிர வேறு எதையும் தொடக் கூடாது என்று ஒரு மக்கள் கூட்டத்தையே அதனோடு கட்டிப்போட்டிருந்தார்கள். அண்ணல் அம்பேத்கர் 1936இல் வெளியிட்ட "சாதியை அழித்தொழித்தல்" நூலில் ஒரு சம்பவத்தைச் சொல்கிறார். குஜராத்தில் அகமதாபாத் மாவட்டத்து ஸானு என்ற கிராமம். 1935 நவம்பர். கொஞ்சம் வசதி வந்த தீண்டப்படாத குடும்பத்துப் பெண்கள் உலோகக் குடத்தில் தண்ணீர் எடுத்தார்கள். அதற்காக அவர்களை அடித்தார்கள். குடத்தில் இருந்த தண்ணீரும் அதே தண்ணீர்தான், சுமந்த தலையும் அதே தலைதான். மண் பித்தளையாக மாறியது ஒன்றுதான் குற்றம்.

அதே நூலில் பேஷ்வாக்களின் பூனாவைப் பற்றியும் சொல்கிறார். தீண்டப்படாதவர்கள் எச்சில் துப்புவதற்குக் கழுத்தில் ஒரு மண் கலயம் கட்டிக்கொள்ள வேண்டும், நடந்த தடத்தைப் பெருக்கிக்கொண்டே போக இடுப்பில் ஒரு துடைப்பம் கட்டிக்கொள்ள வேண்டும். கலயமும் துடைப்பமும் எந்த வீட்டிலும் இருக்கிற சாமான்கள். எங்கே கட்டுகிறார்கள், யார் கட்டச் சொல்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இப்போது நகரத்துக் கடைகளில் மண்பானையை இயற்கை வாழ்வு என்று அழகாக அடுக்கி விற்கிறார்கள். வாங்கலாம். பானை நல்ல பானைதான். எங்கள் அப்பத்தா எவர்சில்வர் குடம் வாங்கிய அன்று அதைத் தெருவில் மூன்று தடவை காலியாகவே கொண்டுபோய்க் கொண்டுவந்தார் என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொண்டு வாங்குங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

அடுத்தது செருப்பு. யார் செய்தது? எங்கள் ஊரில் எங்கள் காலனிக்கும் அப்பால் இருந்த அருந்ததியர் குடியிருப்பில் ஒரு தாத்தா செய்தார். செத்த மாட்டின் தோலை அப்படியே விட்டால் இரண்டு நாளில் நாறிவிடும். அதை உப்பிட்டு, சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, மயிரைச் சுரண்டி எடுத்து, பிறகு ஆவாரம்பட்டை ஊறிய தொட்டியில் நாள்கணக்கில் போட்டு வைப்பார்கள். பட்டையில் இருக்கிற துவர்ப்புப் பொருள் தோலின் நார்களோடு பிணைந்துகொள்கிறது. அதற்குப் பிறகு அதை எந்தக் கிருமியும் லேசில் தின்ன முடியாது. அழுகவேண்டிய ஒன்று வருடக்கணக்கில் உழைக்கிறது. நாம் குடிக்கிற தேநீரில் நாக்கைப் பிடிக்கிற துவர்ப்பும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

வேலிக்காலில் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கிற ஆவாரஞ்செடியின் பட்டைக்கும் செத்த மாட்டின் தோலுக்கும் இப்படி ஓர் உறவு உண்டு என்று முதன்முதலில் கண்டுபிடித்தவர் யார்? பெயர் இல்லை. எத்தனை தோல் அழுகிப்போன பிறகு அந்தப் பட்டை கைக்கு வந்திருக்கும்? இதை வேதியியல் என்று சொல்லாமல் "இழிதொழில்" என்று பெயர் வைத்தார்கள். அந்தக் காலத்தில் கிணற்றிலிருந்து நீர் இறைத்த கமலையின் வாலும் தோல்தான். ஊர்க்காரர் வயலுக்குப் பாய்ந்த தண்ணீர் அந்தத் தோல் வழியாகத்தான் போனது. நெல்லுக்குத் தீட்டு ஒட்டவில்லை. செய்தவர் திண்ணையில் உட்கார்ந்தால் மட்டும் ஒட்டியது. ஊருக்கே செருப்பு தைத்துக் கொடுத்த அந்தத் தாத்தா ஊர்த் தெருவில் வெறுங்காலோடுதான் நடந்தார்.

இது பழைய கதை என்று யாராவது சொன்னால் சட்டப் புத்தகத்தைத் திறந்து காட்டுங்கள். 1955இல் வந்த தீண்டாமைக் குற்றச் சட்டத்தில் உணவு விடுதிகளில் பாத்திரங்களைப் பயன்படுத்துவதைத் தடுப்பது குற்றம் என்று தனியாக எழுதவேண்டி வந்தது. அதற்கு 60 வருடம் கழித்து, 2015இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைத் திருத்தினார்கள். பொது இடத்தில் மிதிவண்டி, மோட்டார் சைக்கிள் ஓட்டுவது, செருப்பு அணிவது, புதுத்துணி உடுத்துவது, கல்யாண ஊர்வலம் போவது, இவற்றுக்காக ஒருவரைத் தடுத்தால் குற்றம் என்று அதில் சேர்த்தார்கள். விண்வெளிக்குக் கலம் அனுப்புகிற நாட்டின் நாடாளுமன்றம் உட்கார்ந்து "செருப்பு" என்ற சொல்லைச் சட்டத்தில் எழுதியிருக்கிறது. தேவை இல்லாமலா எழுதியிருப்பார்கள்? சட்டம் வரும் என்றேனே, வந்துவிட்டது.

மூன்றாவது சாமான், சாக்கு. அண்ணல் தன் பள்ளி நாள்களைப் பற்றி எழுதிய குறிப்புகளில் சாக்கைப் பற்றிச் சொல்கிறார். வகுப்பில் மற்றப் பிள்ளைகளோடு உட்கார முடியாது. தனியாக ஒரு சாக்குத் துண்டில் உட்கார வேண்டும். பள்ளியைப் பெருக்குகிற ஆள் அந்தச் சாக்கைத் தொட மாட்டார். ஆகவே தினமும் சாயங்காலம் அதை வீட்டுக்கு எடுத்துப் போய் மறுநாள் காலையில் திரும்பக் கொண்டுவர வேண்டும். தாகம் எடுத்தால் பள்ளிச் சிப்பந்தி வந்து குழாயைத் திறந்துவிட வேண்டும், அவர் இல்லையென்றால் தண்ணீர் இல்லை.

எங்கள் அப்பத்தாவுக்கும் சாக்குதான் எல்லாம். படுக்கச் சாக்கு, பிள்ளையைப் போர்த்தச் சாக்கு, மழைக்குச் சாக்கு. சாக்கின் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் மடித்துத் திணித்தால் தலையிலிருந்து முழங்கால் வரைக்கும் ஒரு கூண்டு மாதிரி வந்துவிடும். அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நாள் முழுக்க நாற்று நடலாம். கை இரண்டும் வேலைக்குக் கிடைக்கும். சணல் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டாலும் கதகதப்பு விடாது. நான் ஹட்டனின் பட்டியலை வீட்டுக்கு எழுதிக்கொண்டுவந்து அப்பத்தாவுக்கு வாசித்துக் காட்டியபோது அவர் கடைசித் தடையைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "குடையா? நாங்க எங்க போயி குடையக் கண்டோம்? சாக்குதான் எங்க குடை. அதுக்குத் தடை போட மறந்துட்டானுவ போலருக்கு" என்றார்.

இப்போது நான் சொல்லத் தயங்குகிற சாமானுக்கு வருகிறேன்.

இரட்டைக் குவளை பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம், எழுதியிருக்கிறோம், போராடியிருக்கிறோம். தேநீர்க் கடையில் நமக்குச் சிரட்டை, தகரக் குவளை, பிறகு தனிக் கண்ணாடித் தம்ளர், இப்போது காகிதக் கோப்பை. எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா அவருக்கு எவர்சில்வர் தம்ளரில் கருப்பட்டிக் காப்பி கொடுத்தார். குடித்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தவர், வாசல் கூரையின் ஓலை இடுக்கில் சொருகியிருந்த நெளிந்த அலுமினியத் தம்ளரைப் பார்த்துவிட்டார். "அது யாரு தம்ளரு?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. "நாளைக்கு நீ அதை எடுத்துக்கிட்டு வா" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் கொண்டுபோனேன். யார் செய்தது என்று கேட்டார். சொன்னேன். எப்படி வேலை செய்கிறது என்று கேட்டார். விளிம்பு வெளியே வளைந்திருப்பதால் உதட்டில் ஒழுகாது என்று கெட்டிக்காரத்தனமாகச் சொன்னேன். மூன்றாவது கேள்வியைக் கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். சாவடியின் ஓரத்தில், வெளிச்சம் சரியாக விழாத இடத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பையன் சொன்னான்: "அது எங்க தாத்தாவுக்கு."

செருப்புத் தைத்த தாத்தாவின் பேரன். அந்தத் தாத்தா எங்கள் வீட்டுக்கு வந்தால் அந்தத் தம்ளரைத் தானே எடுத்து, நாங்கள் மேலேயிருந்து ஊற்றுவதை வாங்கிக் குடித்து, தானே கழுவி, மறுபடி சொருகிவிட்டுப் போவார். நான் எத்தனையோ தடவை ஊற்றியிருக்கிறேன். எங்களுக்குத் தேநீர்க் கடையில் என்ன நடந்ததோ அதை நாங்கள் எங்கள் கூரை இறவாரத்தில் சொருகி வைத்திருந்தோம்.

அண்ணன் திட்டவில்லை. பானையிலிருந்து அந்தத் தம்ளரில் தண்ணீர் மொண்டு தான் குடித்தார். பிறகு எல்லோருக்கும் மொண்டு கொடுத்தார். எனக்கும் கொடுத்தார். குடித்தேன். வீட்டுக்குப் போய்ச் சொன்னதும் என் அப்பா ஒரு மாதம் என்னை இரவுப் பள்ளிக்கு அனுப்பவில்லை. அம்மாதான் சண்டை போட்டுத் திரும்ப அனுப்பினார்.

அந்தத் தம்ளர் அன்றோடு போய்விட்டது என்று சொல்லத்தான் ஆசை. போகவில்லை. மறுபடி கூரைக்கே போனது. சில வருடம் கழித்து ஓலைக் கூரையைப் பிரித்துக் கான்கிரீட் போட்டபோது சொருகுவதற்கு இடமில்லாமல் காணாமல் போனது. கூரை போனதால் போனதா, மனம் மாறியதால் போனதா என்று என்னைக் கேட்டால், இரண்டாவது என்று சொல்ல எனக்கு இன்னும் துணிவு வரவில்லை. சாதி ஏணியைப் பற்றி அண்ணல் எழுதியதை நான் பின்னாளில் படித்தேன். மேலே போகப் போக மரியாதையும் கீழே வர வர இழிவும் என்று அடுக்கப்பட்ட அந்த ஏணியில் எங்கள் வீட்டுத் தம்ளருக்கும் ஒரு படி இருந்தது.

இதை ஏன் இந்த மேடையில் சொல்கிறேன்? காரணம் இருக்கிறது. நம் மன்ற நூலகத்துக்குப் பக்கத்தில் அண்ணனின் பெயரில் ஓர் அறை திறக்கப் போகிறோம். நம் மக்கள் புழங்கிய பொருள்களை அங்கே வைக்கப் போகிறோம். போன மாதம் அதற்கான கூட்டம் எங்கள் வீட்டில் நடந்தது. தம்பிகளும் தங்கைகளும் பட்டியல் போட்டார்கள். சிரட்டை, தனிக் குவளை, துடைப்பம், மலக்கூடை, பறை. பறையைப் பற்றியே அரைமணி நேரம் வாக்குவாதம். சாவு வீட்டில் அடிக்க மாட்டோம் என்று பறையைக் கீழே போட்டவர்களும் நாம்தான், விடுதலையின் இசை என்று அதையே கையில் எடுத்தவர்களும் நாம்தான். இரண்டுமே சரி என்றுதான் நான் நினைக்கிறேன். வைக்கோல் தீயில் காட்டினால் தோலின் ஈரம் போய் இறுகி, சத்தம் கிணுகிணுவென்று ஏறுகிறதே, அடிக்குச்சியும் சிண்டுக்குச்சியும் மாறி மாறிப் பேசுகின்றனவே, அந்த அறிவு நம்முடையது. யார் வாசலில் அடிப்பது என்பதை நாம் முடிவு செய்தால் போதும்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த என் அம்மா கடைசியில் வாயைத் திறந்தார். "ஏத்தா, அவனுங்க நமக்குக் குடுத்ததையே எல்லாம் வரிசையா வச்சா, பாக்க வர்ற புள்ளைக என்னத்தப் பாக்கும்? நாம வாங்குனது, நாம செஞ்சது ஒண்ணுமே இல்லையா?" என்றார். அறையில் சத்தம் அடங்கிவிட்டது. "என் குடைய வைங்க" என்றார்.

அம்மாவின் குடையின் கதை இது. நான் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது, சீமைக்கருவேல் கரிமூட்டத்தில் வேலை செய்த கூலியைச் சேர்த்து வைத்துப் பரமக்குடியில் ஒரு கறுப்புக் குடை வாங்கினார். எங்கள் ஊருக்குப் பேருந்து ஊர்த் தெருவோடு நின்றுவிடும். அங்கிருந்து ஊரைக் கடந்துதான் காலனிக்கு வர வேண்டும். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கடக்கிற தெரு அது. சித்திரை மாதம், நடுமத்தியானம். அம்மா பேருந்திலிருந்து இறங்கினார். நான் கூடவே இருந்தேன். குடையை விரித்தார்.

திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், "என்ன, கலெக்டரம்மா வர்றாகளா?" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அம்மா நிற்கவில்லை. "வெயிலு எனக்குந்தானய்யா அடிக்குது" என்று சொல்லிவிட்டு நடந்தார். மடக்கவில்லை. நான் அவர் நிழலுக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு நடந்தேன். என் கால் நடுங்கியது, கறுப்புத் துணியின் வழியாக வெயில் பொடிப்பொடியாகத் தெரிந்தது, இரண்டும் நினைவிருக்கிறது. அந்த வருடம் மிளகாய்ப் பழம் பறிக்க எங்கள் வீட்டுக்கு யாரும் ஆள் சொல்லவில்லை. அம்மா கரிமூட்டத்துக்கே போனார்.

குடை எப்படி வேலை செய்கிறது? ஒரு கம்பைச் சுற்றி எட்டு விலாக் கம்பிகள். ஒரு வளையத்தை மேலே தள்ளினால் எட்டும் ஒரே நேரத்தில் விரிகின்றன. கம்பி வளைந்து துணியை வெளியே இழுக்கிறது, துணி இறுகிக் கம்பியை உள்ளே இழுக்கிறது. இரண்டு இழுப்பும் சமமாகிற இடத்தில் ஒரு கூரை நிற்கிறது. கையில் எடுத்துக்கொண்டு நடக்கிற கூரை. நிலமில்லாதவருக்கும் பட்டா இல்லாதவருக்கும் தலைக்கு மேல் ஒரு கூரை.

குடையை அரசர்கள் ஏன் வைத்துக்கொண்டார்கள் என்று யோசித்துப் பாருங்கள். வெண்கொற்றக் குடை என்று தமிழ் பேசுகிறது. ஆட்சி என்றாலே குடை. சாமி ஊர்வலம் போனாலும் மேலே குடை. யார் தலைக்கு மேல் நிழல் இருக்கலாம் என்பது இந்த மண்ணில் அதிகாரத்தின் கேள்வியாகவே இருந்திருக்கிறது. அதனால்தான் 1930இல் அது பட்டியலில் ஏறியது. அந்த எட்டாவது தடையை மறுபடி கவனியுங்கள். "ஆண்கள் குடை பிடிக்கக் கூடாது" என்றுதான் இருக்கிறது. பெண்களைப் பற்றிப் பேச்சே இல்லை. மேலே துணி போடாதே, பூ வைக்காதே, வைக்கோல் சும்மாடு வை என்று பெண்ணுக்கு இவ்வளவு எழுதியவர்கள் குடையை மட்டும் எழுதவில்லை. ஒரு சேரிப் பெண் தன் காசில் குடை வாங்கி விரித்துக்கொண்டு வருவாள் என்று அவர்கள் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள். என் அம்மா அந்தப் பட்டியலைப் படித்ததில்லை. வெயில் அடித்தது, விரித்தார்.

ஆகவே தோழர்களே, அந்த அறைக்கு என் கோரிக்கை இரண்டு. ஒன்று, அவர்கள் நம்மீது திணித்ததை வையுங்கள், மறக்கக் கூடாது. பக்கத்திலேயே நாம் செய்ததை, நாம் கண்டுபிடித்ததை, நாம் காசு கொடுத்து வாங்கியதை வையுங்கள். ஆவாரம்பட்டையை வையுங்கள், சும்மாட்டை வையுங்கள். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் தொடங்கிய பத்திரிகைக்கு "ஒரு பைசாத் தமிழன்" என்று அதன் விலையையே பெயராக வைத்தாரே, அந்த ஒரு பைசா நாணயம் கிடைத்தால் வையுங்கள். வருகிற பிள்ளைகள் அழுதுவிட்டு மட்டும் போகக் கூடாது, "இது எப்படி வேலை செய்யுது?" என்று கேட்க வேண்டும். நம் பிள்ளைகளுக்கு வியப்படைகிற உரிமையும் உண்டு.

இரண்டாவது கோரிக்கை கொஞ்சம் கடினம். நம் இறவாரத்தில் சொருகியிருந்த தம்ளரும் அந்த அறையில் இருக்க வேண்டும். என் வீட்டுத் தம்ளர் போய்விட்டது. அதே மாதிரி நெளிந்த தம்ளர் ஒன்றைத் தேடி எடுத்து, "இது எங்கள் வீட்டில் இருந்தது" என்று என் பெயரைப் போட்டு வைக்கிறேன். அன்று பதில் சொன்ன அந்தப் பையன் இப்போது என் வயதுக்காரர், ஒரு பள்ளியில் ஆசிரியர். அவரிடம் கேட்டேன். "வைங்க தோழர், ஆனா எங்க தாத்தா தச்ச செருப்பும் பக்கத்துல இருக்கணும்" என்றார். ஒரு சோடி இன்னும் அவர் வீட்டில் இருக்கிறதாம்.

குடை விஷயம் மட்டும் முடியவில்லை. வைக்கச் சொன்ன அம்மாவிடமே மறுநாள் போய்க் கேட்டேன். கம்பி இரண்டு தடவை மாற்றி, துணி ஒரு தடவை மாற்றி, அதே குடையைத்தான் இன்னும் பிடிக்கிறார். "அறை திறக்கிறது ஐப்பசியில இல்ல? அடைமழைக்கு நான் எதப் பிடிக்கிறது? கண்ணாடிக்குள்ள பூட்டி வச்சா குடைக்கு என்ன பிரயோசனம்? எனக்குப் பெறகு எடுத்துக்கங்க" என்று சொல்லிவிட்டார்.

அதனால் அந்த அறையில் ஓர் இடத்தைக் காலியாக விட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன். கீழே ஒரு சீட்டு மட்டும் இருக்கும்: "குடை. இப்போது பயன்பாட்டில் இருக்கிறது." அந்த இடம் ரொம்ப வருடம் காலியாகவே இருக்கட்டும்.

வீட்டுக்குப் போனதும் ஆளுக்கு ஒரு சாமானைக் கையில் எடுங்கள். அண்ணனின் மூன்று கேள்வியையும் கேளுங்கள். மூன்றாவதை உங்கள் வீட்டுக்குள்ளேயும் கேளுங்கள்.